நடு மெஷின்

மருத்துவமனை விரிப்பைத் தனியாக மடிக்க முடியாது. நீளம் அதிகம். ஒரு முனை தரையைத் தொட்டுவிட்டால் மறுபடியும் தொட்டிக்குத்தான் போகவேண்டும். அதனால் எங்கள் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசைக்கு எப்போதும் இரண்டு பேர். எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நெருங்கி வந்து முனைகளைக் கைமாற்றி, விலகி, மறுபடி நெருங்கவேண்டும். கை ஒத்துப்போய்விட்டால் பேச்சே தேவைப்படாது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. நாலு பேர் பார்க்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன நாளில் எல்லாம் காய்ச்சல் வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாத நாளிலும் போகாமலிருந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை. அம்மா இறந்த பிறகு என்னை வைத்துக்கொண்ட சித்தி, தான் வேலை செய்யும் இடத்துக்கே என்னையும் கூட்டிப்போனாள். "பேசாத புள்ள சார். வச்ச இடத்துல இருக்கும்" என்று மேனேஜரிடம் சொன்னாள், ஏதோ பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. உருளை இஸ்திரியில் நிற்கும் ரேடியோ அக்கா முதல் நாளே எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தாள். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ரேடியோ.

மடிப்பு மேசையில் எனக்கு எதிரே நின்றவள் நெட்டை அக்கா. நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். என் உயரத்துக்கு விரிப்பு சரிந்துவிடும் என்று அவள் நாள் முழுக்க முழங்காலை மடக்கி நின்றுதான் மடிப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள்.

அவள் மேட்டுத் தெருக்காரி. நாங்கள் ஓடைத் தெரு. இந்த ஊரில் அதைச் சொன்னால் போதும், மொழி, சாமி, யாருக்கு ஓட்டு எல்லாம் சொன்ன மாதிரி. நிறமும் வேறு என்பாள் சித்தி. எனக்கு அது சரியாகப் பிடிபட்டதில்லை. எட்டு மணி நேரம் சோப்புத் தண்ணீரில் கிடந்த கைகளை வைத்துக்கொண்டு யார் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

நெட்டை அக்கா என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டாள். நான் ஆசிரியை ஆனேன் என்று சொன்னால் ரேடியோ அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள், ஆனாலும் அதுதான் நடந்தது. அவள் ஒன்றைக் காட்டுவாள், நான் மெல்லச் சொல்வேன். வாளி. உறை. கறை. ஈரம். ஒருத்தி மட்டும் பார்த்தால் என் நாக்கு ஒட்டாது. தங்கச்சி என்ற சொல்லைக் கற்றதும் அதையே எனக்குப் பெயராக்கிக்கொண்டாள். ஒருநாள் தன் நெஞ்சையும் என் நெஞ்சையும் மாறி மாறித் தொட்டு, சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். இதற்கு என்ன சொல்வது என்று கேட்கிறாள். நான் "நாங்க" என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. அவளும் நானும் சேர்ந்தால் நாம. அவளை வெளியே நிறுத்திச் சொன்னால்தான் நாங்க. காலையில் திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காலையில் நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, அவள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நாங்க சாப்பிடலாமா?" என்றாள்.

"தாராளமா சாப்பிடுங்க தாயி" என்றாள் ரேடியோ அக்கா. "நாங்க ஓரமா நின்னு வேடிக்கை பாக்குறோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. எதற்கு என்று தெரியாமல் நெட்டை அக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் அவள் "நாங்க போலாமா?" என்பாள். "போங்களேன், உங்கள யாரு கட்டி வச்சிருக்கா" என்பாள் சித்தி. அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று பிறகு யாரோ சொல்லக் கேட்டேன். அப்போதும் நான் திருத்தவில்லை. எல்லாரும் சிரிக்கிற ஒன்றை நிறுத்துகிற ஆளாக இருக்க எனக்குத் தைரியம் கிடையாது. தவிர, எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் பேருந்துச் சண்டை வரைக்கும்தான்.

பேருந்தில் யாரோ ஒருத்தர் வைத்த பையை எடுத்து இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கிறார். பை ஓடைத் தெரு, உட்கார்ந்தது மேட்டுத் தெரு என்கிறார்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் மாற்றிச் சொல்கிறார்கள். சாயங்காலத்துக்குள் நான்கு கடை எரிந்தது, இரண்டு அவர்களுடையது, இரண்டு எங்களுடையது. கணக்காக எரித்திருக்கிறார்களே என்றாள் ரேடியோ அக்கா. ஒரு வாரம் ஊர் பூட்டிக் கிடந்தது.

திரும்பி வேலைக்குப் போனபோது யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்க் குடம் இரண்டாகியிருந்தது. சாப்பிட உட்காரும் பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு தள்ளுவண்டியைக் குறுக்காக நிறுத்தியிருந்தார்கள். யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது, யாரும் நகர்த்தவுமில்லை. மேனேஜர் இரண்டு மொழியிலும் ஒரு காகிதம் அச்சடித்து ஒட்டினார். இங்கே பணிபுரியும் அனைவரும் ஒரே குடும்பம் என்று போட்டிருந்தது. ரேடியோ அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "குடும்பம்னா அப்படித்தான், பாகம் பிரிக்காம முடியுமா" என்றாள்.

மடிப்பு மேசையையும் பிரிக்கச் சொன்னாள் சித்தி. மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. புது ஜோடி பழகுவதற்குள் துணி தேங்கிவிடும் என்றார். அதனால் நெட்டை அக்காவும் நானும் மட்டும் எதிரெதிரே நின்றோம். இருபுறத்தவரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் விரிப்பைப் பார்த்தோம்.

இனி உலர்த்தும் மெஷின்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்று உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கம்பிவலை இருக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு அதில் வந்து படியும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வலையை உருவி எடுத்துப் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் சூடு வெளியே போகாது. இதற்கு ஆள் என்று யாரையும் வைத்ததில்லை. கை சும்மா இருப்பவள் செய்வாள். கலவரத்துக்குப் பிறகு கதவோரத்து மெஷின் எங்களுடையது, சுவரோரத்து மெஷின் அவர்களுடையது என்று தானாக ஆகிவிட்டது. நடு மெஷினில் இரண்டு பேருமே துணி போட்டார்கள். வலையை மட்டும் யாரும் தொடவில்லை.

"போன தடவை நாம துடைச்சோம். இன்னைக்கு அவளுங்க முறை" என்பாள் சித்தி. அந்தப் பக்கத்திலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் கையை வீசுகிற விதம் ஒன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் நான் விரிப்புகளை அள்ள நடு மெஷினிடம் போனேன். வலை இருக்கும் இடுக்கிலிருந்து பஞ்சு சாம்பல் நிறத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தலையணை அளவுக்கு இருக்கும். தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நிமிர்ந்தால் எதிரே நெட்டை அக்கா. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து வலையின் பிடியில் கை வைத்தாள். பின்னாலிருந்து அவள் ஆட்களில் ஒருத்தி வெடுக்கென்று ஏதோ சொன்னாள். நெட்டை அக்கா கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கென்னடி அங்க வேலை? துணிய எடுத்துட்டு வா" என்றாள் சித்தி.

நான் துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். நெட்டை அக்காவும் வந்தாள். இரண்டு பேரும் முனைகளைப் பிடித்து உதறினோம்.

பதினோரு மணி இருக்கும். முதலில் கருகிய நாற்றம், பிறகு இடுக்கிலிருந்து புகை. யாராவது மின்சாரத்தை நிறுத்துவதற்குள் சித்தி ஓடிப்போய் மெஷின் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்தது எங்கள் பக்கம் போட்ட துணி. எரிந்தால் நம் தலையில்தான் விழும் என்று நினைத்திருக்கிறாள். காற்று உள்ளே போனதும் குப்பென்று பிடித்தது. சித்தியின் வலது கை முழங்கை வரை தீயில் இருந்ததை நான் பார்த்தேன். எனக்குக் குரல் வரவில்லை. நெட்டை அக்காதான் தொட்டியிலிருந்து ஈர விரிப்பை உருவி இரண்டே எட்டில் வந்து சித்தியின் கையைச் சுற்றி அமுக்கினாள். இன்னொன்றை மெஷின் வாய்க்குள் திணித்தாள். அவள் நெற்றி மயிர் கருகியது. சித்தி கத்திய கத்தலில் தெருவே கூடியது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்பிலேயே சித்தியைப் படுக்கவைத்தார்கள். ஓரத்து மடிப்பைப் பார்த்ததும் தெரிந்தது, நானும் நெட்டை அக்காவும் மடித்தது.

மறுநாள் ரேடியோ அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "அந்த நெட்டச்சி புடிச்சு அமுக்குன அமுக்குலதான் தோலே உரிஞ்சுதாமே" என்றாள்.

சித்தி சற்று நேரம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். "வேணும்னேதான் அமுக்குனா." அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னாள். நான்காவது ஆளிடம் சொல்லும்போது அவள் குரலில் சந்தேகமே இல்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் அறையில் அவரும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒருத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். கட்டுப் போட்ட கையோடு சித்தியும் வந்திருந்தாள். மேனேஜர் எங்கள் மொழிக்காரர். அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வலையைத் துடைக்கவேண்டியது யார் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காதது அவர் தப்பு. வேறு யாராவது தப்பை ஏற்றுக்கொண்டால் அது அவர் தப்பாக இருக்காது.

"நடு மெஷின் வலைய யாரு கவனிக்கணும்?" என்று கேட்டார்.

ரேடியோ அக்காகூட அன்றைக்கு அணைந்துபோயிருந்தாள்.

"யாராவது ஒருத்தர் சொல்லியாகணும். இல்லன்னா எல்லாரையும் நிறுத்திட்டு வேற ஆள் எடுக்கவேண்டியதுதான்."

நெட்டை அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் ஆட்களில் ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் விடுவித்துக்கொண்டாள். மேனேஜருக்குப் புரியவேண்டும் என்று தமிழிலேயே பேசினாள். என்னிடம் கற்ற தமிழ். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தாள்.

"சார், நாங்க தப்பு. நாங்க பஞ்சு பாத்தோம். சூடு தெரியும். நாங்க துடைக்கல. சண்டை, அதனால நாங்க சும்மா இருந்தோம்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம், அவள் பக்கம் என்று கையால் சுற்றிக் காட்டப்போனாள். அதற்குள் மேனேஜர் பேனாவை எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா" என்றார் இன்ஷூரன்ஸ்காரரிடம். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. தெரிஞ்சே சும்மா இருந்திருக்காங்க. சண்டைய மனசுல வச்சுக்கிட்டு."

சித்தி விசும்ப ஆரம்பித்தாள்.

நான் அவ்வளவு நாள் கேட்டதிலேயே உண்மையான பேச்சு அதுதான். நீங்களும் நாங்களும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எல்லாருமாகச் சேர்ந்து சித்தியின் கையைக் கொளுத்தினோம் என்று அவள் சொன்னாள். தன் ஆட்கள் முறைப்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னாள். அந்த அறையில் அது ஒருத்தருக்குத்தான் புரிந்தது.

இன்ஷூரன்ஸ்காரர் கொஞ்சம் நிதானமான மனிதர். "இவங்களுக்குத் தமிழ் சரியா வருமா? புரிஞ்சுதான் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

மேனேஜர் எங்கள் பக்கம் பார்த்தார். "இவகூட மடிக்கிற பொண்ணு யாரு? நீதானம்மா. நீ சொல்லு. இவளுக்குத் தமிழ் வருமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சித்தி பார்த்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. நெட்டை அக்கா பார்த்தாள், அவள் முகத்தில் பயமே இல்லை. தங்கச்சிக்குத் தெரியும் என்கிற முகம். நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். நாங்க இல்ல சார், நாம. அவ்வளவுதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் உங்கள் பக்கம் பார்த்தது யார், துடைக்க விடாமல் கூப்பிட்டது யார் என்பது. வீட்டில் சித்திக்குத் தலை வாரிவிடுவதும் சோறு பிசைந்து ஊட்டுவதும் நான்தான். அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு கூரை இல்லை.

"நல்லா வரும் சார்" என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

நெட்டை அக்கா தலையசைத்தாள். நான் அவளைப் பாராட்டியதாக நினைத்துக்கொண்டாள்.

அவளையும் இன்னும் மூன்று பேரையும் அன்றைக்கே நிறுத்தினார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக்காட்டவில்லை. மேட்டுத் தெருவில் மிச்சமிருந்தவர்களும் திங்கட்கிழமை வரவில்லை. அவர்களுடைய தண்ணீர்க் குடத்தை ரேடியோ அக்கா கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். தள்ளுவண்டியையும் இப்போது நகர்த்திவிட்டார்கள், தேவையில்லையே.

என்னோடு மடிக்க ஓடைத் தெருவிலிருந்தே ஒருத்தியைப் போட்டார்கள். நல்ல பெண். என் உயரம்தான். ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்த நெட்டச்சிய அவ தெரு ஆளுங்களே சேக்க மாட்டேங்கிறாங்களாம். பொழப்பக் கெடுத்தவன்னு காறித் துப்புறாங்களாம். ஏன்டி, நாங்க தப்பு செஞ்சோம்னு யாராவது தானாப் போயி சொல்லுவாங்களா?" என்றாள். விரிப்பு என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி தொட்டியில் போட்டோம்.

அன்றிரவு சித்திக்குத் தலை வாரும்போது, "சித்தி, அன்னைக்குக் காலையில அந்தப் பஞ்ச நானும் பாத்தேன்ல" என்றேன்.

சித்தி திரும்பவில்லை. "தெரியும்" என்றாள். "நான்தானே உன்னக் கூப்பிட்டேன்."

"அவ உன் கையக் காப்பாத்தினா."

"வாரு. சிக்கு இருக்கு பாரு பின்னால."

வாரினேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எரியுற எரிச்சலுக்கு யாரு மேலயாவது கோவப்பட வேணாமா? உம்மேலயா படச் சொல்ற?" என்றாள். அவள் அழுதாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

மறுநாள் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். வழியிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. உள்ளே போய்ச் சொல்லியும்விட்டேன். நாங்க என்பதற்கும் நாம என்பதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது, நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அவள் சொன்னது நம்ம எல்லாரையும் சேர்த்து, பஞ்சை நானும் பார்த்தேன், சுட்டது, துடைக்கவில்லை. மூச்சு வாங்கியது.

மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்படுவார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன்.

"உக்காரும்மா" என்றார். "உனக்கு என்ன வயசு?"

"பதினாறு."

"பதினாறு வயசுப் பொண்ண நான் மெஷின்கிட்ட வேலைக்கு வைக்கலாமா? வைக்கக் கூடாது. அதனால நான் வைக்கல. இங்க வேலை செய்யுறவங்க பட்டியல்ல உன் பேரே கிடையாது. உன் சித்திக்கு உதவியா வர்ற, போற." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இல்லாத ஆளு எப்படிம்மா பஞ்சப் பாக்க முடியும்?"

"அன்னைக்கு என்கிட்டதானே சார் கேட்டீங்க. அவளுக்குத் தமிழ் வருமான்னு."

"கேட்டேன். எழுதலையே."

அவர் மேசையில் இன்னும் ஒட்டாத 'ஒரே குடும்பம்' காகிதங்கள் ஒரு கட்டு கிடந்தன. அடுத்த மாதம் பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், இரண்டு தெரு ஆட்களும் கைகோத்து நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேட்டுத் தெரு ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, நம் ஆட்களிலேயே இரண்டு பேரை அவர்கள் மாதிரி உடுத்தி நிறுத்தினால் ஆயிற்று என்றாராம் மேனேஜர். ரேடியோ அக்கா நான்தான் நிற்பேன் என்று இப்போதே சொல்லிவைத்திருந்தாள்.

"போ" என்றார் மேனேஜர். "உன் சித்தி வேலையும் சேந்து போகணுமா? போயி மடி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சித்தி தூங்கியதும், மேட்டுத் தெருவுக்கு நடந்தேன். அங்கே நான் போனதே இல்லை. இத்தனைக்கும் கால்மணி நடை. எங்கள் தெரு மாதிரியேதான் இருந்தது. அதே தகரக் கூரை, அதே கொடிக்கயிறு, கயிற்றில் அதே சாயம் போன துணி. மேட்டுத் தெரு என்கிறோமே தவிர ஏறுவதற்கு மேடுகூட அவ்வளவு இல்லை.

தெருமுனையில் நின்ற பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. பதினோரு மாதம் அவளுக்கு எதிரே நின்றிருக்கிறேன். நெட்டை என்பது நாங்கள் வைத்தது. என்ன சொல்லி விசாரிப்பது? துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய், கையை என் தலைக்கு மேலே தூக்கி உயரம் காட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் உடுப்பிலிருந்தே எந்தத் தெரு என்று தெரிந்திருக்கும். பிறகு உதட்டைச் சுழித்து, கடைசி வீட்டைத் தாடையால் காட்டினாள். அந்த வீட்டுச் சுவரில் சேறு வாரியடித்த தடம் இருந்தது, அரைகுறையாகத் துடைத்திருந்தார்கள்.

கதவைத் தட்டியதும் நெட்டை அக்காதான் திறந்தாள். நெற்றியில் கருகிய இடத்தில் மயிர் குட்டையாக முளைத்திருந்தது. வாசல் நிலை தாழ்வு, குனிந்து நின்றாள். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

நான் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. தெருவில் நின்ற நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்படியும் பேசினேன். நான் கற்றுக்கொடுத்த சொல் தப்பு என்றேன். அந்த அறையில் நான் சொன்னது அதைவிடத் தப்பு என்றேன். மேனேஜரிடம் போனதையும் அவர் சொன்னதையும் சொன்னேன். இன்ஷூரன்ஸ்காரரைத் தேடிப் போகலாம், கூட நான் வருகிறேன், இரண்டு பேருமாகச் சொன்னால் கேட்பார் என்றேன். சித்தியின் கை ஆறி வருகிறது, விரல் மடங்குகிறது என்றும் சொன்னேன், அவள் கேட்காமலேயே.

அவள் குறுக்கிடவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

அவள் மொழியில் பேசினாள்.

தமிழ் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நான் பேசியது அவளுக்குப் புரிந்தது, கண்ணில் தெரிந்தது. வேண்டுமென்றேதான் தன் மொழியில் பேசினாள். சத்தம் போடவில்லை. அவசரப்படவுமில்லை. சொல்லைத் தேடித் தடுமாறுகிற நெட்டை அக்காவைத்தான் எனக்குத் தெரியும். இது வேறு யாரோ. சரளமாக, நடுவில் நிறுத்தி, அழுத்தி, எங்கேயோ ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தும் பேசுகிற ஒருத்தி. தெருவில் நின்றவர்கள் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் நடந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாருக்கும் புரிந்தது. என்னிடம் சொல்லப்பட்டது, எனக்கு மட்டும் புரியவில்லை. வாளி, உறை, கறை, ஈரம் என்று அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்த எனக்கு, உன் மொழியில் இதற்கு என்ன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். கேள்வி என்பது மட்டும் குரல் ஏறியதில் தெரிந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். தெருவும் காத்திருந்தது.

வருவாயா என்று கேட்டாளோ, வெட்கமாக இல்லையா என்று கேட்டாளோ. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கிழவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் தன் வழியே போனார்.